பள்ளத்து ரீப்பரும் ஒரு மரச்சக்கையும்

பிள்ளைகளே, என் கருவிப் பையின் அடியில் கிடந்த மரச்சக்கை எங்கே போயிற்று என்று இரண்டு நாளாகக் கேட்கிறீர்கள். கட்டைவிரல் நீளம், ஒரு முனை தடித்து மறுமுனை வெற்றிலைபோல் மெலிந்த துண்டு. சின்னவள் அதைத் தன் பொம்மைக்குத் தலையணையாக வைத்திருந்தாள். அடுப்பில் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அது பொய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோர்வையாக எழுத வராது. ஆனால் வாயால் சொல்ல வெட்கமாக இருப்பதால் எழுதுகிறேன்.

அந்தச் சக்கையைச் சீவியவர் உங்கள் பெரியப்பா. அம்மாவின் அக்காள் புருஷன், எனக்குச் சகலை. அவரும் ஓடு வேய்கிறவர், நானும் ஓடு வேய்கிறவன். ஒரு வீட்டுக்கு வந்த இரண்டு மருமகன்களுக்கும் ஒரே தொழில் என்றால் பார்க்கிறவர்கள் எடைபோடாமல் இருப்பார்களா? அவர் என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. அம்மாவின் ஊரான நெல்லிவாசலில் ஜீப்பை விட்டு நான் இறங்கினால் உங்கள் தாத்தா முதலில் கேட்பது, "பெரிய மாப்ள வரலியா?" என்றுதான். சேர்ந்து போனால் கோழிக் குழம்பில் ஈரல் அவர் தட்டுக்குப் போகும். சிரிக்காதீர்கள். அந்த ஈரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பெரியவன் தவழ்ந்துகொண்டிருந்த வருஷம் தாத்தா தன் கூரை வீட்டுக்குச் சீமை ஓடு போட்டார். புளி வைக்கப் பக்கவாட்டில் ஓர் அறையும் சேர்த்திருந்ததால், இரண்டு கூரைச் சரிவுகள் உள்மூலையில் வந்து முட்டின. அந்த இடத்தைப் பள்ளம் என்போம். தகரத்தை மடித்துப் போட்டு, அதன் இரு கரையிலும் ஓட்டைச் சாய்வாக வெட்டி உட்கார வைக்க வேண்டும். இரண்டு சரிவின் மழையும் அதன் வழியாகத்தான் ஓடும் என்பதால் ஓடு வேய்கிறவனின் யோக்கியதை அங்கேதான் தெரியும். தாத்தா ஆளுக்கு ஒரு சரிவைக் கொடுத்தார்.

ஓட்டைத் தாங்கக் குறுக்கே அடிக்கும் சட்டத்துக்கு ரீப்பர் என்று பெயர். தாத்தா பாதி ரீப்பரை ஒடுகத்தூர் மரமில்லில் வாங்கியிருந்தார். மீதி பழைய மாட்டுக்கொட்டகையைப் பிரித்தது. ஒன்றுக்கொன்று அரை விரல் தடிமன் வித்தியாசம். சகலை தரையில் உட்கார்ந்து தடித்தது ஒரு பக்கம், மெலிந்தது ஒரு பக்கம் என்று பிரித்தார். நூல் பிடித்துப் பார்ப்பதும், தாழ்ந்த இடத்தில் அடியில் செருகச் சக்கை சீவுவதுமாக இருந்தார். நான் கைக்குக் கிடைத்ததை எடுத்து அடித்துக்கொண்டே போனேன்.

"இன்னா சகல, கீழயே ஒக்காந்து பல்லாங்குழி ஆட்றீங்களா?" என்று மேலிருந்து கத்தினேன்.

"நீ போய்க்கினே இரு. நான் பின்னாடி வர்றேன்," என்றார், நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் என் சரிவு முடிந்தது. "சின்ன மாப்ளைக்குக் கை இன்னா வேகம் பாரு!" என்றார் தாத்தா. அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை. ஆனால் பள்ளத்து ஓரத்தில் வெட்டிவைத்த ஓடுகள் தட்டினால் லொடலொட என்று ஆடின. ரீப்பர் ஏறி இறங்கி நின்றால் முழு ஓடு எப்படியோ சமாளித்துவிடும், வெட்டின ஓடு சமாளிக்காது. எல்லாவற்றையும் கழற்றி ரீப்பரைச் சமன் செய்வதுதான் முறை. அதற்குள் சகலை முடித்துவிடுவாரே! சந்துகளில் சிமெண்டுக் கலவையை அப்பி, பார்க்க அழகாகத் தேய்த்துவிட்டேன்.

முதல் பெருமழையில் அந்தக் கலவை மேட்டில் சருகு அடைத்து, தண்ணீர் எதிர்த்து ஏறி ஓட்டுக்கடியில் புகுந்தது. ஒரு வருஷத்துப் புளி நனைந்தது. தாத்தா எங்கள் இருவரையும் போன் போட்டு வரவழைத்தார். உள்ளே நின்று பார்த்தால் எந்தச் சரிவிலிருந்து ஒழுகுகிறது என்று தெரியவில்லை. "யார் பக்கம் மாப்ள?" என்று என்னைத்தான் கேட்டார்.

"அவர் பக்கம்தான் மாமா. அன்னிக்கே எனக்கு டவுட்டு."

சகலை பக்கத்திலேயே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். உளியை எடுத்துக்கொண்டு ஏறினார். நான் ஏறவில்லை. கலவையை உளியால் உடைக்கும் சத்தம் ஒவ்வொன்றும் என் சரிவின் பக்கத்திலிருந்துதான் கேட்டது. பொழுது சாயும்போது இறங்கி வந்து, "தகரம்தான் மாமா, ஓரம் மடிஞ்சிருந்துச்சி. ரெண்டு பேருமே பாக்காம வுட்டுட்டோம்," என்றார். பிறகு கை கழுவும் இடத்தில் அந்தச் சக்கையை என் உள்ளங்கையில் வைத்தார். "உன் பக்கம் பதினொண்ணு வச்சேன் சகல. இது மிச்சம்."

நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். வேலைச் சுத்தத்தில் முந்தியது போதாதென்று பெருந்தன்மையிலும் அவர் முந்திக்கொண்டார். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. நன்றி சொல்லவில்லை. சக்கையைத் தூக்கியெறியவும் முடியவில்லை.

போன வாரம் புளி தட்டப் போனோமே, பெரியப்பா வரவில்லை. கூரையில் சருகு தள்ளிவிட்டு வருகிறேன் என்று நான் ஏறியது உங்களுக்குத் தெரியும். துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பள்ளத்தின் ஓடுகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டினேன். என் பக்கம் ஒன்றும் ஆடவில்லை. அவர் பக்கம் மூன்றாம் வரிசையில் ஒன்று லொடக் என்றது. குரங்குகள் ஓடியோடி ரீப்பர் சற்றே இறங்கியிருந்தது. இத்தனை வருஷம் கழித்து எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! கீழே தாத்தா புளியங்கொட்டையை அள்ளிக்கொண்டிருந்தார். 'மாமா, இங்க வந்து பாருங்க' என்பது தொண்டை வரை வந்துவிட்டது.

கூப்பிடவில்லை. பையிலிருந்து சக்கையை எடுத்து, ஓட்டைத் தூக்கி, தாழ்ந்த ரீப்பருக்கு அடியில் செருகி ஆணி அடித்தேன். ஓட்டை இறக்கித் தட்டினேன். சத்தமில்லை. இனி அவர் பக்கமும் என் கையால்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டே ஏணியில் கால் வைத்தேன். பாதி இறங்கிய பிறகுதான், அந்தச் சக்கையும் அவர் சீவியதாயிற்றே என்று உறைத்தது.