மஞ்சள் தண்ணீரில் வைத்த எலும்பு

அப்பாவின் வலது கால் எலும்பில், முழங்காலுக்குக் கீழே, இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை. சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் லோடு இறக்கும்போது டிரம் விழுந்து நொறுங்கிய இடம் அது. இரண்டு முறை பிளேட் வைத்தார்கள். இரண்டு முறையும் சீழ் பிடித்து, வைத்ததை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கடலூர் டாக்டர் பிளேட்டைப் பற்றிப் பேசவில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிடலாம், தள்ளிப்போட்டால் சீழ் மேலே ஏறிவிடும் என்றார்.

"என் பையன் செதம்பரத்துல எலும்பு பண்றான் சார். கொஞ்சம் பொறுங்க" என்றார் அப்பா.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

அது 2011. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். சிதம்பரத்தில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டால் விளக்கத் தெரியாமல், "மெஷின்ல எலும்பு அச்சடிக்கிறோம்" என்று ஒருநாள் சொல்லிவைத்தேன். அக்கா வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், எனக்கு ஒரு இடுப்பு அடிச்சிக் குடு. இது ஒங்கக்காவோட மல்லுக்கட்டியே தேஞ்சி போச்சி." எல்லோரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை; கேட்டுக்கொண்டிருந்தார்.

எலும்பில் இருக்கும் கால்சிய உப்பையே மாவாக்கி, ஸ்டார்ச் கலந்து, மெஷின் மெல்லிசாகப் பரப்பும். அதன்மேல் பசைநீரைத் தெளிக்கும். மறுபடி மாவு, மறுபடி நீர். இப்படி அடுக்கடுக்காக எழும் துண்டுக்குள் ஊடுருவிப் போகும் துளைகள் இருக்கும். செல்கள் ஊர்ந்து உள்ளே போகவும் ரத்தக்குழாய் வளரவும் அந்த வழிகள் வேண்டும். துளைகளில் அடைந்திருக்கும் மாவை ஊதி எடுப்பதற்குள் பாதித் துண்டுகள் கையிலேயே உடைந்துவிடும். தப்பிப் பிழைத்ததைச் சூளையில் சுட்டால்தான் கெட்டிப்படும். அதுவரைக்கும்தான் நாங்கள் வந்திருந்தோம். ஓர் எலிக்குக்கூட இன்னும் வைத்துப் பார்க்கவில்லை.

நான்கு மாதம் போனது. அப்பாவுக்குச் சாயங்காலமானால் காய்ச்சல் வந்தது. "அத ஒருதரம் கண்ணால பாக்கணும்டா" என்றார். சூளையில் என் முறை வர நாளாகும் என்பதால், சுடாத துண்டு ஒன்றைப் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன்.

அப்பா அதைக் கால்மேல் வைத்து அளவு பார்த்தார். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "ஓட்ட ஓட்டயா இருக்கே, தாங்குமா?"

"ஓட்ட இருந்தாத்தாம்பா உள்ள வளரும்."

தலையாட்டிக்கொண்டார். அதைச் சாமி படத்தடியில் வைத்தார். அம்மா முகம் சுளித்ததைப் பார்த்தேன். ஏன் என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் நான் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அம்மா ஒரு கிண்ணத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அதில் மஞ்சள் தண்ணீர். அடியில் சேறு போல வெள்ளையாக ஏதோ கிடந்தது.

"எந்தப் பொணத்துதோ, யாரு கண்டா? தீட்டு கழிச்சிட்டா ஒங்கப்பா ஒடம்புக்கு ஒண்ணும் வராதுன்னுதான்டா போட்டேன். இப்பிடி ஆவும்னு தெரியாதே" என்று அழுதாள். மாவில் செய்தது என்று அவளிடம் நான் சொன்னதேயில்லை.

அப்பா கிண்ணத்தை வாங்கிப் பார்த்தார். விரலால் ஒருமுறை கலக்கினார்.

"தண்ணியிலயே கரையுதே. ரத்தத்துல நிக்குமாடா?"

சுட்டால் நிற்கும் என்பது உண்மை. அதை மட்டும் சொல்லியிருந்தால் இன்னும் ஆறு மாதம் காத்திருப்பார்.

"சுட்டா நிக்கும்பா. ஆனா ஒனக்கு வெக்கறதுக்கு இன்னும் ரொம்ப வருசம் ஆவும். எலிக்கே இன்னும் வெக்கல."

கிண்ணத்தைக் கீழே வைத்தார். "இத அன்னிக்கி டாக்டரு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். குரலில் கோபம் இல்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், தொடையை அழுத்திப் பார்த்தார், பிறகு பேனாவால் காலில் ஒரு கோடு போட்டார். கோடு முழங்காலுக்கு மேலே இருந்தது.

"கீழன்னுதான சொன்னாரு?" என்று அப்பா கேட்டார். டாக்டரிடம் இல்லை, என்னிடம்.