ரப்பர் கொட்டை நிறத்தில் ஒரு ட்ரம்ஸ்

பத்தாங் காலி என்ற ஊரில் ஒரு டயர் கடைக்குப் பின்னால் ட்ரம்ஸ் செய்யும் பட்டறை இருக்கிறது. அங்கே நான் நான்கு முறை போயிருக்கிறேன். முதல் மூன்று முறை நண்பனும் உடன் வந்தான். நான்காம் முறை தனியாகப் போய், செய்து முடித்த ட்ரம்ஸை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். நான்கையும் அன்றன்றே நாட்குறிப்பில் எழுதி வைத்தேன். விவரங்களில் பிழை இல்லை. அவற்றை நான் புரிந்துகொண்ட விதத்தில்தான் பிழை.

நண்பனும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவன் கீபோர்டு வாசிப்பான், நான் ட்ரம்ஸ். கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் போகும் எங்கள் இசைக்குழுவை இருபத்தாறு வருடங்களுக்கு முன் நாங்கள் இருவரும்தான் தொடங்கினோம். அவன் இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர் பார்க்கிறேன். வாரம் முழுக்க போல்ட்டும் பேரிங்கும் எடுத்துக் கொடுப்பேன். சனிக்கிழமை ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுந்தால்தான் எனக்கு அந்த வாரம் முடிந்ததாகத் தோன்றும்.

சென்ற வருடத் தொடக்கத்தில் அவன் ஒரு உதவி கேட்டான். எங்கள் பாட்டுகளின் ட்ரம்ஸை மட்டும் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், வீட்டில் தனியே பழகும்போது போட்டுக்கொள்ளலாம் என்றான். ஏழு ஞாயிற்றுக்கிழமைகள் ரவாங்கிற்குப் போனேன். அவன் வீட்டு ஹாலில் ஒவ்வொரு ட்ரம்முக்கும் ஒரு மைக் வைத்திருந்தான். காதில் டிக் டிக் என்று தாளம் ஓட, நான் மட்டும் வாசித்தேன். பாட்டே இல்லாமல் ட்ரம்ஸ் மட்டும் வாசிப்பது, எதிரில் ஆள் இல்லாமல் பேசுவது போல இருந்தது. மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது வாசிக்கும் பாட்டில், இரண்டாவது இடையிசை முடிந்து பல்லவி திரும்பும் இடத்தில், மூக்குக்கண்ணாடி சறுக்கியது. இடது கையால் தள்ளிவிட்டேன். அதனால் சிம்பல் அடி அரைத் தட்டு பிந்தி விழுந்தது.

"இன்னொரு தடவ எடுப்போம்டா" என்றேன்.

"விட்றா மச்சான். நான் சும்மா வீட்டுல பழகத்தானே."

அந்த அரைத் தட்டையும் அன்று எழுதி வைத்தேன்.

அதன் பிறகு வாய்ப்புகள் குறைந்தன. குழுவின் புக்கிங் எல்லாம் ஆரம்பத்திலிருந்தே அவன் கையில். எப்போது கேட்டாலும், "இப்பல்லாம் டிஜே கூப்பிட்டுக்குறாங்கடா, நம்மள யாரு கேக்குறா" என்பான். நான் வேறு காரணம் கண்டுபிடித்தேன். கடைசியாக வாசித்த கல்யாணத்தில் பெண்ணின் தம்பி என்னிடம் வந்து, "அங்கிள், வீடியோல உங்க ட்ரம்ஸ் ஓரம் பூரா செலோடேப்பா தெரியுது லா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். பழைய ட்ரம்ஸின் மினுமினுப்புத் தாள் உரிந்துகொண்டு வந்தது உண்மைதான். புதிதாக ஒன்று செய்து மேடையில் வைத்தால் எங்களை மறுபடியும் கூப்பிடுவார்கள் என்று நம்பினேன். எனக்காக மட்டும் நம்பவில்லை, அவனுக்காகவும்தான்.

பட்டறைக்காரர் ஒரு சீனர். மலாயில் பேசுவார், குறைவாகப் பேசுவார். அளவுகளை ஒரே நாளில் முடித்துவிட்டோம். மேற்பூச்சுதான் நின்றது. முதல் முறை நான் கறுப்புச் சாயத்தைக் காட்டினேன். மரத்தின் வரிகள் உள்ளே தெரியும்படியான கறுப்பு. நண்பன் உதட்டைப் பிதுக்கினான்.

"கல்யாண மேடையில கருப்பா? பொண்ணோட அம்மா சாமி வந்து ஆடிருவாங்க."

இரண்டாம் முறை முத்து வெள்ளை. "எழவு வீட்டுக்கு வாசிக்கப் போறமா?" என்றான். பச்சையைக் காட்டினேன். "கட்சிக் கூட்டம்னு நெனச்சு கொடி புடிச்சிட்டு வந்துருவானுங்க." நீலம் இன்னொரு கட்சி. சிவப்பு தீயணைப்பு வண்டி. பட்டறைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் மாதிரிப் பலகைகளை எங்கள் முன்னால் வைப்பதை நிறுத்திவிட்டு, அவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் நண்பன், "அவசரப்படாதடா, அடுத்த வருஷம்கூட பாத்துக்கலாம்" என்றான். அன்றைய பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: 'என் ட்ரம்ஸுக்கு என்னைவிட அவன் கவலைப்படுகிறான்.'

மூன்றாம் முறை போகும்போது, பத்தாங் காலிக்கு முன்னால் சாலையோரத்தில் ஒரு சின்ன ரப்பர் தோப்பு அருகே காரை நிறுத்தினோம். அவனுக்குச் சிகரெட் பிடிக்க வேண்டும். காலடியில் கொட்டைகள் சிதறிக் கிடந்தன. ஒன்றைப் பொறுக்கித் துடைத்தேன். வெளிர்பழுப்பில் கரும்பழுப்புத் திட்டுகள், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு. சிறு வயதில் ஆயிரம் பொறுக்கியிருப்பேன். அதை ஒரு நிறமாக அன்றுதான் பார்த்தேன்.

பட்டறையில் அந்தக் கொட்டையை மேசை மேல் வைத்து, இதைப் போல் முடியுமா என்று கேட்டேன். பட்டறைக்காரர் விளக்கைக் கிட்டே இழுத்து நெடுநேரம் பார்த்தார். "போலே லா", முடியும் என்றார். திட்டுகளைக் கையால்தான் ஒவ்வொன்றாக வைக்க வேண்டும், அதன் மேல் வார்னிஷ் பல தடவை ஏற்ற வேண்டும், தீபாவளி கழித்துத்தான் கிடைக்கும், அவசரப்படுத்தக் கூடாது என்றார்.

நான் நண்பனைப் பார்த்தேன். இதற்கும் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். அவன் கொட்டையை எடுத்து, குனிந்து சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கி, என் மணிக்கட்டில் வைத்து அழுத்தினான். பள்ளிக்கூடத்தில் தினமும் செய்த வேலை. சுரீரென்றது.

"மறந்துட்டியாடா?" என்றான்.

"போடா" என்று கையை உதறினேன். இருவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு நான் ஆர்டர் கொடுத்தேன்.

தீபாவளி முடிந்த இரண்டாவது சனிக்கிழமை, எங்கள் ஆலையில் கணக்கெழுதும் கிராணியின் மகளுக்குக் கல்யாண விருந்து. புஞ்சாக் ஆலாமில் ஒரு மண்டபம். மனைவியோடு போனேன். வாசலில் கிராணி என் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தமாகக் கேட்டார்.

"கை வலி எப்படிண்ணே இருக்கு? மாப்ள வீட்டுல உங்க குழுவைத்தான் ஏற்பாடு பண்ணியிருக்காங்க. நீங்க வாசிப்பீங்கன்னு நெனச்சேன். கை முடியாம ட்ரம்ஸ விட்டுட்டீங்கன்னு சொல்றாங்க."

எனக்குக் கை வலி எதுவும் இல்லை. ஆனால் அவரிடம், "பரவால்ல, தேவலாம்" என்றுதான் என்னால் சொல்ல முடிந்தது.

மேடையில் நண்பன் கீபோர்டோடு நின்றான். பக்கத்தில் எங்கள் பாடகர்கள் இருவர். நான் உட்காரும் இடத்தில் பூஞ்சாடி வைத்திருந்தார்கள். விளக்குகள் அணைந்தன, கதவு திறந்தது, மணமக்கள் நுழைந்தார்கள், பாட்டு தொடங்கியது. ட்ரம்ஸ் முழங்கியது. மனைவி மேடையை எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, ட்ரம்ஸ் யாரு வாசிக்கிறா? ஆளயே காணோம்."

 ஸ்பீக்கரிலிருந்து வந்த அந்த வாசிப்பில் ஒவ்வொரு திருப்பமும் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. இருந்தாலும் உறுதியாகச் சொல்ல முடியாதே என்று என்னை நானே அடக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது இடையிசை வந்தது. விரல் மேசை விளிம்பில் எண்ணிக்கொண்டிருந்தது. பல்லவி திரும்பியது. சிம்பல் அரைத் தட்டு பிந்தி விழுந்தது.

என் கை தானாக மூக்குக்கண்ணாடிக்குப் போனது.

நண்பன் மேடையிலிருந்து என்னைப் பார்த்துவிட்டான். அடுத்த நொடி கீபோர்டின் கட்டைகளைக் குனிந்து பார்த்தான். இருபத்தாறு வருடத்தில் அவன் கட்டைகளைப் பார்த்து வாசித்து நான் பார்த்ததில்லை. நாங்கள் சாப்பிடாமல் கிளம்பினோம். காரில் மனைவி ஒருமுறைதான் வாயைத் திறந்தாள்: "அது நீங்கதானே?"

அடுத்த நாள் காலை அந்த வருடத்து நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். ஏழு ஞாயிறுகள். பிறகு வாய்ப்பில்லாத சனிக்கிழமைகள். கறுப்பு ஆகாது, வெள்ளை ஆகாது, பச்சை ஆகாது, அடுத்த வருஷம் பார்க்கலாம். அவன் என் ட்ரம்ஸுக்கு நிறம் தேடவே இல்லை. நான் ஒன்றும் வாங்காமல் இருக்கத்தான் ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்திருக்கிறான்.

பட்டறையிலிருந்து ட்ரம்ஸ் தயார் என்று அழைப்பு வந்தது. தனியாகப் போனேன். பட்டறைக்காரர் துணியை விலக்கினார். காலால் மிதித்து அடிக்கும் கிக் ட்ரம்மின் வட்டம் முழுக்கக் கரும்பழுப்புத் திட்டுகள், ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை. நான் கொடுத்த கொட்டையை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். உன் நண்பன் வரவில்லையா, அவன்தானே குறை சொல்லுவான் என்று சிரித்தார். வேலையாக இருக்கிறான் என்றேன்.

மறு ஞாயிறு மாலை நான்கே காலுக்கு அவன் கோலசிலாங்கூருக்கு வந்தான். கையில் ஒரு பை ரம்புத்தான். வீட்டு முன்னறையில் ட்ரம்ஸ் பொருத்தி வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டான். நான் உட்காரச் சொல்லவில்லை. அவனே உட்கார்ந்தான்.

"கை வலின்னு ஏன்டா சொன்ன?"

"நீ எங்கன்னு கேட்டாங்க. வேற என்ன சொல்றது."

"எத்தன கல்யாணம்?"

பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தான். "ஒம்பது."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"மேடையெல்லாம் சோபாவும் பூவுமா ஆயிருச்சுடா. ட்ரம்ஸுக்கு எடம் கேட்டா மூஞ்ச சுளிக்கிறாங்க. சொல்லிறலாம்னுதான் மூணு தடவையும் உன்கூட வந்தேன். நீ அந்தப் பலகைய தடவிக்கிட்டு நிப்ப. எப்படி சொல்றது? ஒரு கலரும் ஆகாதுன்னா நீயே விட்டுருவேன்னு நெனச்சேன்."

"வீட்டுல பழகத்தான்னு சொன்னியே, அது?"

அவன் எழுந்து ட்ரம்ஸுக்கு அருகே போனான். ஒரு விரலால் டாம் ட்ரம்மின் பக்கவாட்டைத் தடவினான்.

"நல்லா வந்திருக்குடா. நெஜம்மா." முகத்தைத் திருப்பாமலே பேசினான். "ஒண்ணு கேக்கட்டா, கோவிச்சுக்காத. அந்த என்ட்ரி பாட்டுல ஒரு எடத்துல சிம்பல் லேட்டா விழுதுல்ல. போன வாரம் வீடியோ எடுக்குறவன்கூட கேட்டான். இந்த புது செட்டுல ஒரே ஒரு தடவ வாசிச்சுக் குடுத்தீன்னா, நான் மாத்திப் போட்டுக்குவேன்."

அடுக்களையில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உடைந்த நட்டுக்கு வேறு நட்டு கேட்டு ஸ்டோர் ஜன்னலில் நிற்கும் ஆள் மாதிரி, இயல்பாகக் கேட்டான்.

"அது அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

"கேக்குறவங்களுக்கு தப்பாத் தெரியுதுடா."

"தெரியட்டும். அந்த ஒரு எடத்துலயாச்சும் ஒரு ஆளு வாசிச்சான்னு தெரியும்ல."

போர்வையை எடுத்து ட்ரம்ஸை மூடினேன். முதலில் கிக், பிறகு டாம்கள், கடைசியில் சிம்பல். அவன் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றான். ரம்புத்தான் பையை நாற்காலி மேல் வைத்துவிட்டு, மனைவியிடமும் சொல்லிக்கொள்ளாமல் போனான். கேட் மூடும் சத்தம் கேட்டது.

அதன் பிறகு அவன் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. நான் தினமும் ஆலையிலிருந்து வந்து அரை மணி நேரம் வாசிக்கிறேன். அந்தப் பாட்டை மட்டும் தொடுவதில்லை. இந்தச் சனிக்கிழமையும் ரவாங்கிலோ புஞ்சாக் ஆலாமிலோ ஒரு மண்டபத்தில் கதவு திறந்து மணமக்கள் உள்ளே வருவார்கள். பல்லவி திரும்பும்போது சிம்பல் அரைத் தட்டு பிந்தி விழும். அவன் அப்போது கட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.