இஸ்திரிப் பெட்டியின் தடை

எங்கள் நாமக்கல் வீட்டுக்குக் கரண்டு வந்த வருஷம் அப்பா பண்ணிய அலட்டல் கொஞ்சநஞ்சமல்ல. மேட்டூரிலிருந்து கம்பி இழுத்து வந்ததே அவர்தான் என்பதுபோல் பேசுவார். போதாக்குறைக்குச் சேலத்தில் ஒரு கரண்டு இஸ்திரிப் பெட்டி வாங்கிவந்து, நடுக்கூடத்தில் முக்காலி போட்டு அதன்மேல் வைத்தார். பிராணன் போனது ஒன்பது வயசான எனக்குத்தான். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், பெருக்கினால் பவர். வருகிறவர் போகிறவர் எல்லோர் முன்னாலும் இதை நான் ஒப்பிக்க வேண்டும். அப்பாவுக்கு வகுத்தல் வராது. அது வேறு விஷயம்.

அந்தச் சமயத்தில்தான் அத்தையைப் பெண் பார்க்க மோகனூரிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். அத்தை அப்பாவின் கடைசித் தங்கை, பத்தொன்பது வயசு. மாப்பிள்ளைக்கு இது இரண்டாந்தாரம். மீசை பாதி நரைத்தவர். நிலபுலம் நிறைய என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். அத்தை மாட்டேன் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவர்கள் வருகிற அன்று காலையில் எனக்குத் தலை பின்னிக்கொண்டே அத்தை சொன்னாள்: “மோகனூர்க்காரங்களுக்கு இங்கிலீசு என்ன தெரியும் சாமி? கணக்கைத் தமிழ்ல சொல்லு.” வோல்ட்டுக்கு அழுத்தம், ஆம்பியருக்கு ஓட்டம், ரெசிஸ்டன்ஸுக்குத் தடை. ஏதோ புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். நான் அரை மணியில் மனப்பாடம் பண்ணிவிட்டேன்.

பலகாரம் முடிந்து வெற்றிலைத் தட்டை மாற்றப் போகிற நேரம். அப்பாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பெட்டியைக் காட்டி, கணக்கைச் சொல்லச் சொன்னார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தேன். “இந்த ஊட்டுல அழுத்தம் இருநூத்தி முப்பது. ஓட்டம் ரெண்டு. அழுத்தத்தை ஓட்டத்தால வகுத்தாத் தடை. ஆகத் தடை நூத்திப் பதினஞ்சு.”

மாப்பிள்ளையின் அம்மா நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். “ஏனுங்க, நல்ல காரியம் பேசற எடத்துல புள்ள வாயில என்னங்க இது? ஓட்டம் ரெண்டுங்குது, யாருங்க ஓடுனது? தடை வேற நூத்திப் பதினஞ்சாமா?”

இது கரண்டு சமாச்சாரம் என்று அப்பா என் சிலேட்டுப் பலகையில் வகுத்துக்காட்டப் பார்த்தார். மூன்று தரமும் வேறு வேறு விடை வந்தது. அதற்குள் அவர்கள் வண்டியைப் பூட்டச் சொல்லிவிட்டார்கள்.

முதுகில் எனக்கு இரண்டு அடி விழுந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சலாக வருகிறது. சரியான விடை சொன்னவளுக்கு அடி, தப்பாகப் போட்டவருக்கு விசிறி எடுத்து வீசுகிறார்கள். இருநூற்று முப்பதை இரண்டால் வகுத்தால் வேறென்ன வரும்? பெருக்கிப் பவர் நானூற்று அறுபது என்று சொல்லக்கூட விடவில்லை.

சாயங்காலம் அத்தை மட்டும் காலைப் பலகாரத்தில் மிஞ்சிய கச்சாயம் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு நாளைக்கும் சேர்த்து அவளும் நாலைந்து தின்றாள். பிறகு என் காதோரம் சொன்னாள்: “அடுத்து வாரவரு சின்ன வயசா இருந்தா, இங்கிலீசுலயே சொல்லீரு சாமி.”

மாப்பிள்ளை வயசுக்கும் இஸ்திரிப் பெட்டித் தடைக்கும் என்ன சூத்திரம் என்று எனக்குப் புரியவேயில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரையே கேட்டேன். அவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அது மேல்வகுப்புப் பாடமாக இருக்கும் என்றார்.