அக்காள் வடித்த நொச்சி எண்ணெய்

அக்காள் ஆண்டவரிடம் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்கு நல்லதை மட்டும் எழுதி முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனது கேட்கவில்லை. அவர்கள் மனக்குறையையும் சேர்த்தே எழுதுகிறேன். சொந்தங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்காள் வேம்பாரில் பிறந்தார்கள். பள்ளியில் படிக்கும்போதே அப்பா தவறிவிட்டார்கள். அண்ணனைக் கட்டி வந்த மதினிதான் கருவாடு காயவைத்து விற்று எங்கள் இருவரையும் படிக்க வைத்தார்கள். அக்காள் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியர் ஆனார்கள். துளசி, ஓமம், நொச்சி என்று எதையாவது ஆவியில் வடித்து, அந்த எண்ணெயில் என்னென்ன இருக்கிறது, எது கிருமியைக் கொல்லும், எது பூச்சியை விரட்டும் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. வீட்டுக்கு வந்தால் சேலையெல்லாம் கஷாய வாசம். "மாப்பிள்ளையக் கட்டாம கஷாயத்தைக் கட்டிக்கிட்டா" என்று மதினி கேலி செய்வார்கள்.

ஈ மொய்க்காமலிருக்கக் கருவாட்டில் சிலர் பூச்சிமருந்துப் பொடி தூவுவது அக்காளுக்குத் தீராத வேதனை. நொச்சி எண்ணெயில் நனைத்த துணியைக் காயும் மீனைச் சுற்றிலும் கட்டினால் ஈ அண்டாது என்று கல்லூரியில் சோதித்துப் பார்த்திருந்தார்கள். மதினிதான் ஊர்ப் பெண்களிடம் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கருவாடு கொண்டுபோன வண்டியிலேயே வாய்க்கால் கரை நொச்சியை ஒடித்து ஏற்றி வந்தார்கள். அக்காள் வந்து வடித்தார்கள், துணியும் கட்டினார்கள். ஆனால் ஈ அப்பிக்கொண்டது. நெத்திலியெல்லாம் புழு வைத்துவிட்டது.

"ஏளா, நீ படிச்ச படிப்பு இதுக்குத்தானா?" என்று பெண்கள் கேட்டார்கள்.

"எண்ணெய் சரியில்ல. எம்மேலதான் தப்பு" என்றார்கள் அக்காள்.

மிச்ச எண்ணெயைக் கல்லூரிக் கருவியில் சோதித்தபோது, ஈயை விரட்டும் பொருள்கள் அதில் மிகவும் குறைந்திருந்தன. இலையை எப்படி வைத்திருந்தீர்கள் என்று மதினியிடம் கேட்டார்கள்.

"மீனப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டோம்லா! தண்ணி தெளிச்சு, ஈரச்சாக்கு போட்டு மூடி, நீ வார வரைக்கும் வாடவே விடல" என்று மதினி பெருமையாகச் சொன்னார்கள்.

மீனுக்கு அது சரி. நொச்சியை நிழலில் பரப்பி ஆறவிட்டிருக்க வேண்டும். சாக்குக்குள் இலை புழுங்கி, எண்ணெயின் சேர்மானமே மாறிவிட்டது.

அக்காள் இதை என்னிடம் மட்டும் சொன்னார்கள். "மதினிட்ட சொல்லிராதலே. எனக்காக ஊர்ல வாக்குக் கொடுத்தவங்க. எல்லாரும் அவங்களத்தான் ஏசுவாங்க."

அதன்பின் நல்ல எண்ணெயாகக் கொண்டுவந்தும் கரையில் ஒருவரும் தொடவில்லை. பொடி தூவுவதும் நிற்கவில்லை. புற்றுநோயில் படுத்தபிறகும், "இன்னொரு தடவ கட்டிப் பாக்கச் சொல்லுலே" என்பார்கள். நானும் போய்க் கேட்டேன். யாரும் இணங்கவில்லை. அந்தக் குறையோடுதான் அக்காள் போனார்கள்.

மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த மாணவியரையும், வீடு தேடி வந்து செபித்த பங்குத்தந்தையையும், அடக்கத்தன்று வந்தவர்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட தெருக்காரர்களையும் எங்கள் குடும்பம் மறக்காது. கடைசிவரை அக்காளைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்ட மதினிக்கு நன்றி என்று எழுதினால் அது சின்ன வார்த்தை.

இந்த மலருக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது மதினி, "பாவம், அந்த எண்ணெய் மட்டும் அவளுக்குச் சரியா வரலியே" என்றார்கள். என்னால் அடக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். மதினி வெகுநேரம் அழுதார்கள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்கள்:

"எழுது தம்பி. எம்பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போவுது. அவ எண்ணெய் நல்ல எண்ணெய்னு கரையில அத்தன பேரும் படிக்கணும்."