மடிந்த காது

ரெடிமேட் என்ற சொல்லைக் கேட்டாலே சுயம்புலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வரும். உத்தமபாளையத்தில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் அவன் டிசைனர். முதலாளி லிங்கேஸ்வரன் மதுரையிலிருந்து ஒரு கட்டு சி.டி. வாங்கி வந்திருந்தார். மணமேடை, மயில், பட்டுச்சேலை கட்டிய தலையில்லாத உடம்பு, கொழுகொழு குழந்தை, எல்லாம் அதில் உண்டு. எடுத்து ஒட்டினால் பேனர் ரெடி. கம்பத்திலிருந்து தேனி வரைக்கும் எல்லாக் கல்யாணத்திலும் ஒரே மயில் நின்றது, ஒருத்தருக்கும் வெட்கமில்லை. சுயம்பு மட்டும் மவுசைப் பிடித்துக்கொண்டு இறகு இறகாக வரைவான்.

"ஒன் மயிலு முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறதுக்குள்ள பொண்ணு மாப்பிள்ளைக்குப் பேரன் பொறந்துரும்லே" என்பார் முதலாளி.

பாதியில் நிற்கும் படத்தைச் சுயம்பு சேமிக்கவே மாட்டான். சேமித்தால் முதலாளி அதை அரைகுறையாகவே திறந்து அச்சுக்கு விட்டுவிடுவார். முழுசாக முடித்தால்தான் சேமிப்பு. இந்த வீம்புதான் கடைசியில் அவனைக் கவிழ்த்தது.

2008-இல் காமயகவுண்டன்பட்டியிலிருந்து பவுனு வந்தாள். திராட்சைத் தோட்ட வேலைக்குப் போகிறவள். ஐந்து மாத ஆண்பிள்ளையைக் காய்ச்சலில் பறிகொடுத்திருந்தாள். முதல்முடி இறக்கும்வரை குழந்தையைப் படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்பது அவர்கள் வீட்டுக் கட்டு. அதனால் ஒரு போட்டோகூடக் கிடையாது. படம் பிடிக்காமல் காத்த ஆயுசு எங்கே போனது என்று யாரைப் போய்க் கேட்பது? புருசன் சுருளி சவுதியில். பிள்ளை முகத்தையே பார்க்காதவன், அந்த வாரம் லீவில் வருகிறான்.

"அவுக வந்தா காட்ட ஒரு மொகம் வேணும்ணே. நான் சொல்லச் சொல்ல வரைவீகளா?"

தினமும் வந்து சுயம்பு பக்கத்தில் உட்கார்ந்தாள். நெற்றி இன்னும் அகலம் என்றாள். மூக்கு சப்பை என்றாள். வலது காதின் மேல்நுனி எப்படி மடிந்திருக்கும் என்று சேலை முந்தியை மடித்துக் காட்டினாள். கடைசி நாள் மத்தியானம் உதடு அமைந்ததும் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டு அழுதாள்.

"வந்துட்டாண்ணே."

புருவம்தான் பாக்கி. கரண்ட் போனது. யு.பி.எஸ். கீச்சென்று கத்திவிட்டுப் படுத்தது. திரையும் பிள்ளையும் ஒன்றாக அணைந்தன.

கரண்ட் வரும்போது பொழுது சாய்ந்திருந்தது. விடிந்தால் சுருளி வந்துவிடுவான். சுயம்பு முதலிலிருந்து தொடங்கிப் பார்த்தான், ஒரு கோடுகூட அமையவில்லை. வாழ்நாளெல்லாம் ஏசிய சி.டி.யை எடுத்து, கொழுகொழு குழந்தையை இழுத்துப் போட்டான். வலது காதை மட்டும் மடக்கி வரைந்தான்.

பவுனு வெகுநேரம் பார்த்தாள். "இவன் இல்லண்ணே." பிறகு, "அவுகதான் பாத்ததில்லையே, இருக்கட்டும்" என்றாள்.

அப்புறம் நல்லபடியாக வரைந்து தருவதாகச் சொன்னான். அவள் வரவில்லை, அவனும் தேடிப் போகவில்லை. செய்த தப்பை நேரில் பார்க்க யாருக்குத்தான் தெம்பிருக்கும்? படத்துக்குச் சட்டம் போட்டு, பவுனு வீட்டில் மாலை போட்டார்கள்.

இரண்டு வருசம் கழித்து மறுபடி லீவில் வந்த சுருளி, கம்பம் ரோட்டில் ஒரு காதுகுத்து பேனரைப் பார்த்தான். மறுநாள் சட்டம் போட்ட படத்தோடும் பவுனோடும் கடைக்கு வந்தான். கோபப்பட்டிருந்தால்கூடச் சுயம்பு தாங்கியிருப்பான்.

"எம்புள்ளைய எதுக்குண்ணே ஊரான் வீட்டு விசேசத்துல போட்டீக?"

சுயம்பு ஒன்றுவிடாமல் சொன்னான். சுருளி பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

"உக்காருத்தா" என்று சுயம்பு நாற்காலியை இழுத்துப் போட்டான். "இப்பவே வரைவோம். எத்தன நாளானாலும் சரி. சொல்லு."

பவுனு கண்ணை மூடினாள். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.

"ரெண்டு வருசமா இந்தப் படத்தத்தாண்ணே கும்புட்டேன். கண்ண மூடுனா இவந்தான் வந்து நிக்கிறான். எம்புள்ள மொகம் வரமாட்டேங்குது."

சுருளி படத்தை மேசைமேல் வைத்தான். குழந்தையின் முகத்தை உள்ளங்கையால் மூடினான். மடிந்த காது மட்டும் வெளியே தெரிந்தது.

"இது?"

"அது ஒங்க புள்ளையோடதுதான்" என்றான் சுயம்பு.

கையை எடுக்காமல் சுருளி பார்த்துக்கொண்டே நின்றான். பவுனும் எழுந்து வந்து அவனோடு பார்த்தாள்.