டேப் அக்காவும் பத்துக்குப் பத்து அறையும்

1999 ஜூன் 8: 1,200
2008 பிப்ரவரி 18: 40,000
2019 ஆகஸ்ட் 5: 38,500
2019 செப்டம்பர் 14: 11,200

முதல் தொகை, ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் சேர்ந்தபோது டேப் அக்காவுக்குப் பேசிய மாதச் சம்பளம். இரண்டாவது, சொந்தமாகக் கடை பிடிக்க அவர் கொடுத்த முன்பணம். மற்ற இரண்டும் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் வீட்டு ஸ்பீக்கர் பெட்டிகளின் விலை. பெரிய தொகைக்கான பெட்டி போய்ச் சிறிய தொகைக்கான பெட்டி வந்த விவரத்தைச் சொன்னாலே டேப் அக்கா எப்படிப்பட்டவர் என்பது விளங்கிவிடும்.

இடுப்பில் எந்நேரமும் அளவு டேப்பைச் செருகியிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். என் மகளைவிட வயதில் சிறியவர்தான். தெருவே அக்கா என்னும்போது நான் மட்டும் என்ன சொல்ல? ஹோம் தியேட்டர் கேட்டு வருகிறவர்களிடம் அவர் விலைப்பட்டியலை நீட்டுவதில்லை. "ரூம் எத்தனைக்கு எத்தனை? உயரம் என்ன? எங்க உக்காந்து பாப்பீங்க?" என்று தொடங்குவார்.

"வாங்க வந்தவன விசாரணைக் கைதி ஆக்கிட்டியேம்மா" என்று ஒருவர் சலித்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன்.

"செருப்பு வாங்கப் போனா கால நீட்டுறீங்க இல்ல? அதே கணக்குதான்" என்றார் டேப் அக்கா. சின்ன அறைக்குப் பெரிய பெட்டி கேட்டு அடம்பிடிப்பவர்களை வெறுங்கையோடுதான் அனுப்புவார். அதனால் அவருக்கு வியாபாரம் குறைந்ததுண்டு; அவரிடம் வாங்கிய பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தவர் ஒருவரும் இல்லை.

டிரைவருக்கு ஒரே மகன். வேறு ஊரில் வேலை. அப்பாவோடு சண்டைபோட்டுக்கொண்டு போனவன் நான்கு வருடம் ஒரு வார்த்தை எழுதவில்லை. திடீரென்று ஒரு நாள் அவனிடமிருந்து ஸ்பீக்கர்கள் வந்து இறங்கின. கூடவே பன்னிரண்டு அங்குல சப்வூஃபர், அதாவது 'தும் தும்' என்ற கீழ்ச்சத்தத்துக்கு மட்டுமே ஆன பெட்டி. டிரைவர் அதைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தே விட்டார் என்பார் அவர் மனைவி.

அது போடப்பட்ட அறை பத்துக்குப் பத்து. உயரமும் ஏறக்குறைய பத்து. பெட்டி முழங்கினால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும். நேர் கீழ்வீட்டில் ஒரு நர்ஸ்; இரவு வேலை, பகல் தூக்கம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தார். செப்டம்பர் முடிவுக்குள் சத்தம் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டி கட்டடத்தை விட்டுப் போக வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. செயலாளர் என்ற முறையில் அதைச் சொல்லப் போனவன் நான்தான்.

"பெட்டி போச்சுன்னா பையன் மறுபடியும் போன மாதிரிங்க" என்றார் டிரைவர். நான் போய் டேப் அக்காவை அழைத்துவந்தேன்.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்று பார்க்க அவருக்கு ஒரு முறை உண்டு. நாம் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, அவர் சுவரோரமாக நான்கு காலில் தவழ்வார். எந்த இடத்தில் கீழ்ச்சத்தம் வீங்காமலும் மெலியாமலும் காதில் விழுகிறதோ, அதுதான் பெட்டிக்கு இடம். அவர் நல்ல கனத்த உடம்புக்காரர். டிரைவரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு, "கைக்குழந்தைகூட இவ்ளோ வேகமா தவழாதும்மா" என்றார்.

"கைக்குழந்தைக்கு முட்டி வலிக்காது பெரியம்மா" என்றார் இவர், தலையைத் தூக்காமல்.

இடது சுவரோரம் ஓர் இடம் கிடைத்தது. எல்லோருக்கும் நிம்மதி. மறுநாள் நர்ஸ் கண் சிவக்க மேலே ஏறிவந்தார். "நேத்துவரைக்கும் ஜன்னல்தான் ஆடுச்சு. இன்னிக்கு என் கட்டிலும் சேர்ந்து ஆடுது!"

ஓடிவந்த டேப் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். அறையில் கட்டில், மெத்தை, அலமாரி, சோபா எல்லாம் இருந்தன. "இதெல்லாம் நேத்து எங்க இருந்துச்சு?"

"நீ வேலை செய்ய வர்றியேன்னு ஒதுக்கி வச்சோம். ஒரு மரியாதைக்குத்தான்" என்றார் டிரைவர்.

டேப் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு, "தப்பு என்னோடது. வெறும் ரூம்ல யார் குடித்தனம் பண்றாங்க? நான் கேட்டிருக்கணும்" என்று நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டார். மறுபடி தவழ்ந்தார். டிரைவரையும் மனைவியையும் வழக்கமான இடங்களில் உட்காரவைத்தார். பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பர் கொடுத்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே இறங்கிப்போய், நர்ஸின் கட்டிலில் அவருடைய தலையணையிலேயே தலை வைத்துப் படுத்துக் கேட்டார். தூங்க வேண்டியவரின் காது எங்கே இருக்குமோ அங்கே தன் காதை வைத்துப் பார்த்த வேறொருவரை நான் கண்டதில்லை.

கடைசியில் மேலே வந்து தரையில் உட்கார்ந்தார். "பெரியப்பா, பெட்டி அருமையான பெட்டி. ஆனா நீளம், அகலம், உயரம் மூணும் ஒரே அளவா இருக்கற ரூம்ல கீழ்ச்சத்தம் ஒரே இடத்துல குவியும். இது சந்துல பஸ்ஸத் திருப்பற வேலை."

"நான் திருப்பியிருக்கேன்."

"நீங்க திருப்பியிருப்பீங்க. சுவரு?"

"ரெண்டு சுவரு காலி" என்றார் மனைவி. டிரைவரே சிரித்துவிட்டார். ஆனால் உடனே முகம் வாடிவிட்டது. "சின்னப் பெட்டி போதும்னு நீ சொல்லுவே. அவன் வாங்கிக் குடுத்தது வேணாம்னு நான் எப்படி எழுதுவேன்?"

"உங்க பையன் இந்த ரூமைப் பாத்திருக்காரா?"

"இல்ல. அவன் போனப்புறம்தான் இங்க குடிவந்தோம். பெட்டிகூடப் பழைய விலாசத்துக்குத்தான் வந்துச்சு."

"பழைய வீட்டு ஹால் எவ்ளோ இருக்கும்?"

"இருபத்திரண்டுக்குப் பதினாலு."

டேப் அக்கா பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார். "அந்த ஹாலுக்கு நான் தேர்ந்தெடுத்தாலும் இதேதான் எடுப்பேன். அவர் சரியாத்தான் வாங்கியிருக்கார், பெரியப்பா. நீங்க எல்லாரும் உக்காந்திருந்த ஹாலை மனசுல வச்சு வாங்கியிருக்கார். இந்த ரூம் அளவ மட்டும் எழுதுங்க. வேற ஒண்ணும் எழுத வேணாம்."

டிரைவர் அன்றைக்கே அறை அளவையும், அளந்து சொன்னது டேப் அக்கா என்பதையும் எழுதினார்.

டேப் அக்கா அடக்க விலைக்கு எட்டங்குலச் சிறிய பெட்டியைப் பொருத்தினார். நர்ஸ் தூங்கினார். பெரிய பெட்டி டேப் அக்கா கடையின் உள்ளறையில் போர்வை போர்த்தி இருந்தது. நல்ல விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். "அது விருந்தாளி. வீட்டுக்காரங்க பதில் வராம அனுப்ப முடியாது" என்று மறுத்துவிட்டார்; பத்து வாரம் இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததற்கு ஒரு காசும் வாங்கவில்லை.

மகனிடமிருந்து பதில் வந்தது. தன் வீட்டுக் கூடம் இருபதுக்குப் பதின்மூன்று, உயரம் ஒன்பதரை என்று எழுதியிருந்தான். அந்தப் பெட்டி அங்கே பொருந்தும் என்று அந்த அக்கா சொன்னால், அப்பாவும் அம்மாவும் அதை எடுத்துக்கொண்டு வந்து, தன்னோடு உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றும் எழுதியிருந்தான். டேப் அக்கா அளவுகளை இரண்டு முறை படித்துவிட்டு, "துணிமணியையும் எடுத்து வைங்க" என்றார். அதற்குப் பிறகு அவர்களுக்குள் கடிதம் தேவைப்படவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்த நாள் 2019 நவம்பர் 21.