விளம்பரத்தோடு மறைந்த வேண்டுகோள்

போன வருஷம் ஆடி மாதம், அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனை அம்மன் கோயிலில் ஆரம்பித்த விஷயம் இது.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் தெருப் பெண்கள் எல்லாம் அங்கே கூடிப் பாடுவோம். முன்பு கையில் பாட்டுப் புத்தகம் இருக்கும், இப்போது செல்போன். அம்மன் பாட்டுகளாகவே உள்ள ஒரு இணையதளத்தைத் திறந்து வைத்துக்கொள்வோம். யாரோ ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து அத்தனை பாட்டையும் டைப் செய்து போடுகிறார் என்பது மட்டும்தான் தெரியும். பெயர்கூடப் போட்டுக்கொள்ள மாட்டார். ‘அடியேன்’ என்று இருக்கும், அவ்வளவுதான்.

ஒரு தடவை, எனக்குப் பாதி மட்டும் தெரிந்த ஊஞ்சல் பாட்டு ஒன்றைக் கேட்டு, மகளை விட்டு அவருக்கு மெயில் எழுதவைத்தேன். எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, கண்ணாடி போட்டாலும் சிரமம் என்றும் சேர்த்துச் சொன்னேன். அடுத்த வாரமே முழுப் பாட்டும் வந்துவிட்டது. அது மட்டுமா, எல்லாப் பாட்டிலும் எழுத்தைப் பெரிதாக்கியிருந்தார். ‘கேட்டு வாங்கிப் பாடுகிறீர்களே, அதுவே போதும் தாயே’ என்று ஒரு பதிலும் வந்தது. அந்த ஒரு வரியை எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன் தெரியுமா!

ஒரே தொந்தரவு, விளம்பரம். அந்த ஆடி வெள்ளியன்று சரியாகத் தீபாராதனை நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவின் விரல் போனில் எங்கோ பட்டுவிட்டது. குத்துப் பாட்டு மியூசிக்கோடு, “வா மாமே, ஒரு கை ஆடலாம்” என்று சீட்டாட்ட விளம்பரம் அலறியது. பூசாரி தட்டோடு திரும்பிப் பார்த்து, “யாரும்மா அது, ஆத்தாவையே சீட்டாடக் கூப்புடறது?” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. சாமிக்கு முன்னால் இப்படி ஆகிவிட்டதே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

என் கொழுந்தன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவரிடம் சொன்னேன்.

“வெளம்பரத்த தடுக்கறதுக்குன்னே ஆப் கீது அண்ணி. ஆனா எல்லாம் ஒண்ணு போல இல்ல. மூணு போன்ல மூணு போட்டுப் பாப்போம், எது நல்லா கீதோ அத வெச்சிக்கலாம்” என்றார்.

முதல் ஆப் பக்கத்து வீட்டு அக்காவின் போனில் ஏறியது. விளம்பரம் நின்றது. ஆனால், காசு கட்டி என்னை வாங்கு என்று அதுவே வந்து வந்து கேட்டது. போதாததற்கு, போனில் உள்ள நம்பர்களை எல்லாம் பார்க்க அனுமதி வேண்டுமாம்.

“இன்னாப்பா இது, வெளம்பரத்த தொரத்த வந்ததே வெளம்பரம் காட்டுது! போனு வேற இட்லிப் பானையாட்டம் சுடுது. தூக்கு இத” என்று அக்கா போனைத் திருப்பி நீட்டினார்.

இரண்டாவதை என் வீட்டுக்காரர் போனில் போட்டார். அது தனி பிரவுசர். அதற்குள் போய்ப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கைத் தொட்டால் மட்டும் பழைய பிரவுசர் திறந்து, பழைய கூத்து தொடர்ந்தது.

மூன்றாவது என் போனில். சூடு இல்லை, கேள்வி இல்லை, பக்கம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அதில் வரிசையாக சுவிட்சுகள். கடைசி சுவிட்ச், இடைஞ்சலாக வரும் பெட்டிகள் எல்லாவற்றையும் மறைப்பதற்கு. அதையும் போடச் சொன்னேன்.

“அது வாணாம் அண்ணி. சில நேரம் நமக்கு வேணுங்கறதையும் சேத்து மறைச்சிடும்.”

“சாமி பாட்டுக்கு நடுவுல எனக்கு வேண்டியது எதுவும் வராது. நீ போடுப்பா” என்றேன்.

போட்டுக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலில் ஒவ்வொருவர் போனாக வாங்கி, கற்றுக்கொண்டபடி நானே அந்த ஆப்பை ஏற்றி, அந்தக் கடைசி சுவிட்சையும் போட்டுவிட்டேன். பெரிய கைங்கரியம் செய்த மாதிரி ஒரு பெருமை எனக்கு. ரவிக்கை தைக்கும் ஒரு பெண் மட்டும் போனைத் தரவில்லை. “என் போன்ல எடம் இல்லக்கா. வர்ற பொட்டிய மூடி மூடி நான் பாட்டுக்குப் பாடிக்கறேன்” என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு நிம்மதியாகப் பாடினோம். ஆவணியிலிருந்து மார்கழி வரை ஒரு இடைஞ்சலும் இல்லை.

தை பிறந்து முதல் வெள்ளிக்கிழமை, அந்தத் தளம் திறக்கவில்லை. ஆப்பின் வேலையாக இருக்கும் என்று அதை நிறுத்திப் பார்த்தோம். அப்படியும் இல்லை. தளமே இல்லை.

“மூடிட்டாரா, பாவம்! அதான் சொல்லிகினே இருந்தாரே” என்றாள் அந்த ரவிக்கை தைக்கும் பெண்.

எல்லோரும் அவளைப் பார்த்தோம். யார், என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“இன்னாக்கா தெரியாத மாதிரி கேக்கற? ஐப்பசிலேர்ந்து பக்கத்த தொறந்தாலே நடுவுல ஒரு பொட்டி வருமே. கண்ணு செரியா தெரியல, டைப் அடிக்க முடியல, யாராச்சும் இத எடுத்து நடத்துனா எல்லாத்தையும் குடுத்துடறேன், இல்லன்னா மார்கழியோட மூடிடுவேன்னு. தெனம் மூடிட்டுத்தான பாடுவேன். நீங்கல்லாம் படிச்சவங்க, உங்கள்ல ஒருத்தர் எழுதிப் போட்டிருப்பீங்கன்னு இருந்துட்டேன்.”

என் மகள் ஆவடியில் ஒரு டிடிபி சென்டரில் தமிழ் டைப்பிங் வேலைதான் செய்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்திருப்பாள். அன்று வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். நடுவில் வரும் பெட்டி விளம்பரமா, ஒரு மனுஷரின் வேண்டுகோளா என்று அந்த ஆப்புக்குத் தெரியாது, அந்த சுவிட்ச் போட்டால் எல்லாவற்றையும்தான் மறைக்கும் என்றாள். பழைய மெயில் இருந்தது. அதற்கே எழுதினாள். இதுவரை பதில் இல்லை. படித்துக் காட்ட அவர் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களோ இல்லையோ.

நான் கேட்டேன் என்று எழுத்தைப் பெரிதாக்கித் தந்தவர். அவர் கண் மங்கி, உதவி கேட்டபோது, அதை என் கண்ணில் படாமல் செய்தது நானேதான். என் கண்ணில் மட்டுமா, எங்கள் தெருவே பார்க்காமல் செய்துவிட்டேன்.

அந்த சுவிட்சை இப்போது எல்லோர் போனிலும் எடுத்துவிட்டேன். வேறு தளத்தில் பாடுகிறோம். பெட்டி ஏதாவது வந்தால் முழுக்கப் படித்துவிட்டுத்தான் மூடுவேன். “சீட்டாட்ட வெளம்பரத்தக்கூட பாராயணம் பண்ணுது பாரு” என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்வார். செய்யட்டும். ஊஞ்சல் பாட்டு மட்டும் எங்கும் கிடைக்கவில்லை. பாடிப் பாடி மனப்பாடமாகிவிட்டதால் நான் சொல்ல, மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுகிறார்கள்.

சாமிக்கும் எனக்கும் நடுவில் எதுவும் வரக்கூடாது என்றுதான் அன்று நினைத்தேன். அப்படி நடுவில் வந்த அந்த ஒரு பெட்டி, அம்மனே என்னிடம் கொடுத்தனுப்பிய வேலையாக இருந்திருக்குமோ என்ற நினைப்பு, விளக்கேற்றும்போதெல்லாம் வருகிறது.